ஏ.ஆர். காப்பிக்கு அலைந்த கதை

போலீஸ் பிடித்துப்போன ஆள் கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படத்தைப் போட்டு, 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்' என்று வாட்ஸ்அப்பில் வரும்போதெல்லாம் சிரித்தவன் நான். ஒன்றிரண்டை ஃபார்வர்டும் செய்திருக்கிறேன். 2023 நவம்பரில் என் தம்பியின் ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலேயே 'தவறிக் கீழே விழுந்ததாகக் கூறுகிறார்' என்று எழுதிவிட்டார்கள். அந்த ஒரு வரியோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டினேன்.

நடந்தது இதுதான். எங்கள் பகுதியில் செயின் பறிப்பு. கேமராவில் கறுப்பு பைக் தெரிந்திருக்கிறது. தம்பியிடமும் அதே மாதிரி பைக். இரவு ஒன்பது மணிக்கு அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போன போலீஸார், மறுநாள் மதியம் "ஆள் மாறிப்போச்சு, கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். இடது மணிக்கட்டு எலும்பில் கீறல், இரண்டு உள்ளங்காலும் வீங்கியிருந்தன. எங்களுக்குச் சொல்வதற்கு முன்பே ஒரு காவலர் அவனை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டுவிட்டார். டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னதும் அந்தக் காவலர்தான்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது. எப்படி அடிபட்டது என்பதை, அடிபட்டவரே தன் வாயால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் எழுதப்படும் முதல் வரியைத்தான் பின்னால் எல்லோரும் பிடித்துக்கொள்வார்கள். ஏற்கெனவே தப்பாக எழுதிவிட்டார்களா? தாமதிக்காமல் வேறு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நாங்கள் மறுநாள் காலையிலேயே போனோம். அங்கிருந்த பெண் டாக்டர் தம்பியைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டு, 'தெரிந்த இரு நபர்கள் லத்தியால் தாக்கியதாக' என்று எழுதினார். அவர் அன்று எழுதியதுதான் எங்களைக் காப்பாற்றியது.

ஆனால் பழைய பதிவின் நகலும் வேண்டும் என்றார் வக்கீல் அண்ணன். முதல் மருத்துவமனையின் ரெக்கார்டு செக்‌ஷனுக்கு நான்கு முறை போனேன். முதல் தடவை, "போலீஸ் லெட்டர் வாங்கிட்டு வாங்க தம்பி." யார் மேல் புகாரோ அவர்களிடமே லெட்டரா! அடுத்த தடவை அந்த எழுத்தர் விடுப்பு. மூன்றாவது தடவை ரிஜிஸ்டர் ஆடிட்டுக்குப் போயிருந்தது. நான்காவது தடவை, நோயாளியே நேரில் வர வேண்டும் என்றார். கால் வீங்கிய ஆளை எங்கே கூட்டிக்கொண்டு போவது? கடைசியில், தம்பி பெயரிலேயே தகவல் உரிமைச் சட்ட மனு போட்டோம், பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி. இருபத்திரண்டாம் நாள் நகல் தபாலில் வீடு தேடி வந்தது. முதலிலேயே இதைச் செய்திருந்தால் நான்கு நாள் சம்பளம் மிச்சம்.

ஸ்டேஷன் கேமரா பதிவுக்கும் ஒரு மனு போட்டேன். 'சம்பந்தப்பட்ட தேதியில் கேமரா பழுதடைந்திருந்தது' என்று பதில். எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. அதே வருடம் ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபோது, விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், கேமரா பதிவு தினமும் தானாக அழிகிற மாதிரி வைக்கப்பட்டிருந்ததாக அறிக்கை கொடுத்தார். அங்கே ஒரு பெண் தலைமைக் காவலர் துணிந்து சாட்சி சொன்னார். எங்களுக்கு அப்படி யாரும் இல்லை. இருந்தாலும் கேமரா மனுவை முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். 'பழுது' என்ற பதிலும் ஒரு ஆவணம்தான்.

அப்புறம் மாநில மனித உரிமை ஆணையம். கட்டணம் கிடையாது, தபாலில் அனுப்பலாம், சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் அனுப்ப வேண்டும். இதிலெல்லாம் சிக்கல் இல்லை. சொதப்பியது நான்தான்.

அடித்தது ஒரு சப்-இன்ஸ்பெக்டரும் ஒரு காவலரும். எஸ்.ஐ. யார் என்று தம்பிக்கு நன்றாகத் தெரியும். காவலர் சட்டையில் பெயர்ப் பட்டை இல்லை. இருந்திருக்க வேண்டும், கைது நடைமுறை பற்றிய டி.கே. பாசு வழக்கில் 1996 கடைசியில் வந்த தீர்ப்பே அதைச் சொல்கிறது. சரி, ஸ்டேஷன் எதிரே டீக்கடை வைத்திருப்பவரிடம் கேட்டேன். "அது இன்னாராத்தான் இருக்கும்" என்று ஒரு பெயர் சொன்னார். அப்படியே புகாரில் எழுதிவிட்டேன். தம்பியிடம் காட்டக்கூட இல்லை.

எட்டு மாதம் கழித்து, ஆணையத்துக்கு டி.எஸ்.பி. கொடுத்த அறிக்கையின் நகல் வந்தது. அந்தப் பெயருக்குரிய காவலர் அன்று இரவு நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கோயில் திருவிழா பந்தோபஸ்தில் இருந்திருக்கிறார். டூட்டி பாஸ்போர்ட், அதாவது எங்கே பணி என்று எழுதிக் கொடுக்கும் சீட்டின் நகல் இணைப்பு. 'எனவே புகார் முழுவதும் பொய்' என்று முடித்திருந்தார்கள். 'எனவே'யைப் பார்த்துக் கோபம் வந்தது. ஆனால் செய்யாத காரியத்துக்கு அந்த மனுஷன் எட்டு மாதமாக விளக்கம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாரே என்று நினைத்தபோது, தம்பியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வக்கீல் அண்ணன் திட்டித் தீர்த்தார். "பெயர் தெரியலைன்னா, 'பெயர் தெரியாதவர், பார்த்தால் அடையாளம் காட்டுவேன்'னு எழுதணும். இதுகூடத் தெரியாதா?" மறுப்புரையில் தவறை ஒப்புக்கொண்டு, அந்தப் பெயரை நீக்கக் கேட்டு, இரண்டு ஏ.ஆர். நகல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அதற்குப் பிறகுதான் விஷயம் நகர்ந்தது. ஐம்பதாயிரம் ரூபாய் இழப்பீடு, அதை எஸ்.ஐ. சம்பளத்தில் பிடிக்க வேண்டும் என்று உத்தரவு. அரசாணைக்குக் காத்திருக்கிறோம். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நினைவூட்டல் மனுவில் அதை மறக்காமல் எழுதுங்கள்.

இழப்பீடு வேறு, தண்டனை வேறு. அதற்கு மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார். குற்றம் 2023இல் நடந்ததால் பழைய தண்டனைச் சட்டம், 330ஆம் பிரிவு. ஒப்புக்கொள்ள வைப்பதற்காக அடிப்பது, ஏழு வருடம் வரை. வழக்கு நடத்தும் முறைக்குப் புதுச் சட்டம். அதன்படி அதிகாரியின் தரப்பைக் கேட்காமல் புகாரைக் கோப்பில் எடுக்க மாட்டார்கள். கடமையில் செய்ததற்கு அதிகாரி மேல் வழக்குப் போட அரசின் முன் அனுமதி வேண்டும், அது இல்லை என்ற வாதமும் வரும், லத்தியால் உள்ளங்காலில் அடிப்பது எந்தக் கடமையில் சேரும் என்று கேட்கலாம் என்கிறார் வக்கீல் அண்ணன்.

மனு தயாரான வாரத்தில் பஸ் ஸ்டாண்டில் போக்குவரத்துப் பணியில் நின்ற ஒரு காவலரைப் பார்த்துத் தம்பி நின்றுவிட்டான்.

"இவர் மாதிரிதான்ணே இருந்தாரு."

"மாதிரியா, இவரேவா?"

பஸ் வந்து, போயும் விட்டது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"தெரியலண்ணே. எழுத வேண்டாம்."

மனுவில் எஸ்.ஐ. பெயர் மட்டும்தான் இருக்கிறது. அடுத்த வாய்தா 18ஆம் தேதி.