வீட்டுக்குப் பின்னாலை போற எண்ணெய்க் குழாயும் 10 பக்க ஃபோர்மும்

கனடாவிலை, ரொறன்ரோவின்ரை ஸ்காபரோவிலை எங்கடை வீட்டுக்குப் பின்னாலை ஹைட்ரோ லைன், அதுதான் பெரிய கரண்ட் கம்பி, போற பெரிய புல்வெளி கிடக்கு, பின்னேரத்திலை நடக்க அதைவிட நல்ல இடம் இல்லை. அந்தப் புல்லுக்கை இடைக்கிடை மஞ்சள் கம்பம் நிக்கும், கீழை பைப்லைன் போகுது கிண்டாதேங்கோ எண்டு எழுதியிருக்கும், ஏழு வருசமா அதாலை நடந்தும் நான் ஒருநாளும் நிண்டு வாசிக்கேல்லை. காஸ் லைன் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான். 2013 ஏப்ரல் தொடக்கத்திலை பள்ளிக்கூடத்தாலை வந்த மகள்தான் கேட்டாள், அப்பா எங்கடை வீட்டுக்குப் பின்னாலை மசகு எண்ணெய் போகுதாம் தெரியுமோ எண்டு. மனுசி குசினிக்கையிருந்து, "இஞ்சாருங்கோ, வீடு வாங்கேக்கை உதை ஒருத்தரும் சொல்லேல்லையே" எண்டா. உண்மைதான், நாங்களும் கேக்கேல்லை.

அதுக்குப் பேர் லைன் 9. என்பிறிட்ஜ் கொம்பனியின்ரை குழாய், 30 அங்குலம், சார்னியாவிலையிருந்து மொன்றியல் வரைக்கும் போகுது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, நாட்டின்ரை கிழக்குப் பக்கம் வெளிநாட்டு எண்ணெயை நம்பி இருக்கக்கூடாது எண்டு பிரதமர் பியர் ட்ரூடோ காலத்திலை போட்டது, 1976இலை ஓடத் தொடங்கினது. பேந்து 90களின்ரை கடைசியிலை வெளிநாட்டு எண்ணெய் மலிவாப் போக, திசையைத் திருப்பி கிழக்கிலையிருந்து மேற்காலை விட்டவை. 2012 நவம்பரிலை கொம்பனி, குழாய்களுக்கு அனுமதி குடுக்கிற தேசிய எரிசக்தி வாரியத்திட்டைத் திரும்பவும் விண்ணப்பம் போட்டது: மறுபடியும் கிழக்குப் பக்கமா விடவேணும், நாளுக்கு 2,40,000 பரலை 3,00,000 ஆக்கவேணும், அல்பேர்ட்டா மாகாணத்திலை எண்ணெய் மணலிலையிருந்து எடுக்கிற தடிச்ச எண்ணெயையும் விட அனுமதி வேணும்.

பழைய குழாய்தானே, இதுக்கு ஏன் இவ்வளவு சத்தம் எண்டு எனக்கும் முதல் பட்டது. ஆனா 2010 ஜூலையிலை மிச்சிகன்லை, கலமாசூ ஆத்துப் பக்கம், இதே கொம்பனியின்ரை இதே 30 அங்குலக் குழாய் ஒண்டு வெடிச்சு, 17 மணித்தியாலத்துக்கு மேலை ஒருத்தருக்கும் விளங்காமல் எண்ணெய் ஓடிக்கொண்டே இருந்தது. தடிச்ச எண்ணெய் எண்டபடியாலை ஆத்தின்ரை அடியிலை போய்ப் படிஞ்சிட்டுது. அதை வாசிச்ச இரவு எனக்கு நித்திரை வரேல்லை, ஏனெண்டா எங்கடை குழாய் ரூஜ், டொன், ஹம்பர் மூண்டு ஆத்தையும் கடக்குது, ஃபிஞ்ச் சப்வே ஸ்டேசனுக்குப் பக்கத்தாலையும் போகுது, அந்த ஸ்டேசனாலைதான் நான் 11 வருசமா வேலைக்குப் போய் வாறன்.

சரி, எழுதிப் போடுவம் எண்டு பாத்தா அப்பிடிச் சும்மா எழுத ஏலாது. 2012இலை பிரதமர் ஹார்ப்பரின்ரை அரசாங்கம் பட்ஜெட் சட்டத்தோடை சேத்துக் கொண்டுவந்த மாத்தத்தாலை, தேசிய எரிசக்தி வாரியத்துக்கு முன்னாலை கதைக்கவேணுமெண்டா நீங்கள் நேரடியாப் பாதிக்கப்படுற ஆளா இருக்கவேணும், இல்லாட்டி பிரயோசனமான தகவலோ நிபுணத்துவமோ உங்களிட்டை இருக்கவேணும் எண்டு அப்ப விதி இருந்தது. அதைக் காட்டுறதுக்கு 10 பக்க ஃபோர்ம், ரெண்டு கிழமை தவணை, ஏப்ரல் 19 கடைசி நாள். ஒரு கடிதம் எழுத அனுமதி கேட்டு ஒரு ஃபோர்ம். இது ஜனநாயகத்துக்குச் சரியில்லை எண்டு அப்ப நினைச்சனான், இப்பவும் அப்பிடித்தான்.

நாலு இரவு மினக்கெட்டனாங்கள், நானும் மகளும். முதல் எழுதினது முழுக்கப் பிழை. பூமி சூடாகுது, அல்பேர்ட்டாவிலை காட்டை அழிக்கினம், எங்கடை பிள்ளையளின்ரை எதிர்காலம் எண்டு ரெண்டு பக்கம். மகள் விசாரணைக்குரிய விசயங்களின்ரை பட்டியலை எடுத்து வாசிச்சுக் காட்டினாள்: எண்ணெய் மணல் தோண்டுறதாலை வாற பாதிப்பும், எண்ணெயை எரிக்கிறதாலை வாற பாதிப்பும் இந்த விசாரணைக்கை வராது. ரெண்டு பக்கத்தையும் கிழிச்சுப் போட்டனாங்கள். எனக்கு நெஞ்சு கொதிச்சுது, ஏனெண்டா உண்மையா மனசிலை இருந்தது அந்த ரெண்டு பக்கம்தான். பேந்து ஆறுதலா இருந்து, எங்கடை வேலியிலையிருந்து அந்த மஞ்சள் கம்பத்துக்கு நாடா பிடிச்சு அளந்து, எத்தினை மீற்றர், வீட்டிலை எத்தினை பேர், நாளுக்கு எத்தினைதரம் அதைக் கடக்கிறம், எந்த ஸ்டேசன் எண்டு எல்லாத்தையும் எழுதினம். இனி ஆரும் இப்பிடி ஒண்டுக்கு எழுதுறதெண்டா தயவுசெய்து முதல் போய் தூரத்தை அளவுங்கோ.

மே மாசம் பதில் வந்தது, கடிதம் எழுதலாம், ஆனா விசாரணையிலை வாய் திறக்க ஏலாது. கடிதத்திலை மூண்டே மூண்டு விசயம் கேட்டனான். ஆறுகளுக்கு ரெண்டு பக்கமும் கிட்ட வால்வ் போடவேணும். எண்ணெய் விட முதல் தண்ணி அழுத்திக் குழாயைச் சோதிக்கவேணும். மூண்டாவது, அவசரம் எண்டா எங்கடை தெருவிலை இங்கிலிஸ் தெரியாத அம்மாமாருக்கு ஆர் தமிழிலை சொல்லுறது?

இதுக்குள்ளை மொன்றியல்லை இருக்கிற மச்சானோடை எனக்குப் பெரிய வாக்குவாதம். ஜூலை 6ஆம் திகதி கியூபெக் மாகாணத்திலை லக் மெகான்ரிக் எண்ட ஊரிலை எண்ணெய் ரெயில் தடம்புரண்டு 47 பேர் செத்தவை. அவர் சொன்னார், "அத்தான், குழாய் வேண்டாமெண்டா ரெயிலிலை வரும், இதைப் பாத்த பிறகுமோ? இஞ்சை சுத்திகரிப்பு ஆலையிலை வேலை செய்யிற சனம் என்ன செய்யிறது?" அவர் சொன்னதிலை ஞாயம் இருந்தது. கியூபெக்கிலை மொன்றியல், லெவி ரெண்டு ஊர் ஆலைக்கும் மலிவான எண்ணெய் வேணும், தொழிற்சங்கமும் குழாய்க்கு ஆதரவு, கியூபெக் அரசியல்வாதிகளும் நிபந்தனையோடை ஓம் எண்டுதான் நிண்டவை. நானும் குழாயை மூடச் சொல்லேல்லை. ஆனா ஆலை ஓடுற இடம் வேறை, குழாய் கசிஞ்சா நாசமாப் போற ஆறு வேறை, அந்த ரெண்டாவது ஆக்களைக் கேக்காமல் முடிவெடுக்கக்கூடாது எண்டுதான் அவரிட்டையும் சொன்னனான்.

ஒக்ரோபர் 16 தொடக்கம் ரொறன்ரோவிலை விசாரணை, கொன்வென்சன் சென்ரரிலை. வியாழக்கிழமை லீவு போட்டிட்டுப் போய்ப் பின்வரிசையிலை இருந்தனான். அந்தக் கிழமை ஒன்ராறியோ அரசாங்கத்தின்ரை தரப்பும் தண்ணிச் சோதனை வேணும், 100 கோடி டொலர் காப்புறுதி வேணும் எண்டு கேட்டிருந்தது. நான் மேசையிலை இருந்து எழுதின அதே விசயத்தை அரசாங்கமே கேக்குது எண்டு அறிய நெஞ்சு நிறைஞ்சுபோச்சு. சனிக்கிழமை கொம்பனி கடைசிப் பதில் சொல்லுற நாள், அதையும் கேக்கவெண்டிருக்க, வெள்ளிக்கிழமை நடந்த போராட்டத்தாலை பாதுகாப்புக் காரணம் சொல்லி அந்த நாளையே ரத்துச் செய்திட்டினம், பதில் பேந்து எழுத்திலைதான் வந்தது.

2014 மார்ச் 6, அனுமதி, 30 நிபந்தனையோடை. நீளமான புதுக்குழாய் போடுறதெண்டாத்தான் மந்திரிசபை வரைக்கும் போகும், இது பழைய குழாய், வாரியம் சொன்னாச் சரி. வால்வ் பற்றி ஒரு நிபந்தனை இருந்தது. அதே வருசம் ஒக்ரோபரிலை வாரியமே கொம்பனிக்கு எழுதிச்சுது, 104 பெரிய ஆத்துக் கடவையிலை 6இலை மட்டும்தான் ரெண்டு பக்கமும் ஒரு கிலோமீற்றருக்குள்ளை வால்வ் இருக்கிறமாதிரித் தெரியுது, இது காணாது எண்டு. 2015 ஜூனிலை மூண்டு துண்டிலை தண்ணிச் சோதனை செய்யச் சொல்லிச்சுது. முழு நீளத்துக்கும் இல்லை, மூண்டு துண்டு. தமிழ் அறிவித்தல் கதையை ஒருத்தரும் எடுக்கேல்லை.

அந்த இடைப்பட்ட காலத்திலைதான் ஊரிலை, யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் பக்கக் கிணறுகளிலை கழிவெண்ணெய் கலந்த பிரச்சினை பெரிசாச்சுது. சித்தி போனிலை அழுதவ, வாளியை இழுத்தா மேலை படலமாத்தான் நிக்குது மேனை எண்டு. அவவிட்டை ஒருத்தரும் ஃபோர்ம் குடுத்து நீ பாதிக்கப்பட்டனியோ எண்டு கேக்கவும் இல்லை.

2015 டிசம்பரிலை எண்ணெய் மொன்றியலுக்கு ஓடத் தொடங்கினது. ஒன்ராறியோவிலை இருக்கிற லண்டன் நகரத்துப் பக்கம் இருக்கிற தேம்ஸ் சிப்பேவா பூர்வீகக் குடிகள், எங்களோடை முறையாக் கலந்து கதைக்கேல்லை எண்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனவை, 2017 ஜூலையிலை தோத்துப்போனவை. வாரியத்தை 2019இலை கலைச்சு வேறை அமைப்பு கொண்டுவந்தாச்சு, புதுச் சட்டத்திலை அந்த நேரடிப் பாதிப்பு எண்ட வாசற்படி இல்லை. நாங்கள் நிரப்பின 10 பக்கமும் என்னட்டை இன்னும் கிடக்கு, இப்பிடி விசாரணைக்கு எழுத நினைக்கிற ஆக்கள் கேட்டா கொப்பி எடுத்துத் தாறன், கிழிச்ச ரெண்டு பக்கத்தையும் மகள் ஒட்டி வைச்சிருக்கிறாள், அதையும் சேத்து.