ஒன்பது அமர்வுகள், அதில் வீணாய்ப் போன மூன்று

ஆலோசகராக நான் நடத்திய, ஒன்பது அமர்வுகள் ஓடிய ஒரு குடும்பச் சிகிச்சை போன வாரம் முடிந்தது. நல்லபடியாகவே முடிந்தது, நிம்மதி. ஆனால் அதில் மூன்று அமர்வுகள் வீண். மூன்றையும் தவிர்த்திருக்கலாம் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. அந்தக் குடும்பத்தின் கதையை இங்கே சொல்லப்போவதில்லை. வேலை எங்கே சறுக்கியது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் அமர்வு அது தொடங்கும் முன்பே கெட்டுவிட்டது. குடும்பத்தை என்னிடம் அனுப்பியவர்கள் கொடுத்த கடிதத்தில் ஒரே வரி: ‘பையனுக்கு ஆலோசனை தேவை.’ வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், முன்பு யாரிடம் போனார்கள், ஏன் நிறுத்தினார்கள், எதுவும் இல்லை. அம்மாவும் மகனும் மட்டும் வந்தார்கள். அந்த ஒரு மணி நேரம் முழுவதும், வராத அப்பாவைப் பற்றிய பேச்சிலேயே போயிற்று. இல்லாத ஆளைப் பற்றிய பேச்சில் வருகிறவர்களுக்கு மனம் லேசாகும், வீட்டில் எதுவும் நகராது.

இதைத் தொலைபேசியிலேயே தடுக்கலாம். நேரம் ஒதுக்கும்போதே நான்கு கேள்விகள் கேளுங்கள்: ஒரே வீட்டில் யார் யார்? இதை நினைத்து அதிகம் தூக்கம் கெடுவது யாருக்கு? வர மாட்டேன் என்று சொல்லக்கூடியவர் யார்? இதற்கு முன் எடுத்த முயற்சி எங்கே நின்றது? வர மறுப்பவரை மனைவி மூலமாகக் கூப்பிடாதீர்கள், நேராகப் பேசுங்கள். ‘நீங்களும் காரணம்’ என்ற தொனி வந்தால் கதவு மூடிவிடும். ‘உங்க பார்வை இல்லாம எனக்குப் பாதிதான் தெரியுது’ என்றால் பெரும்பாலும் வருவார்கள். அப்படியும் வராவிட்டால் நிறுத்த வேண்டியதில்லை. வீட்டில் ஒருவர் தன் நிலையில் தெளிவாக நின்றாலே மற்றவர்களும் மாறத் தொடங்குவார்கள் என்பது குடும்பச் சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான மர்ரே போவனின் அணுகுமுறை. அவர் ஒரே ஆளை வைத்தும் வேலை செய்தார். ஒன்று மட்டும் கறார்: வீட்டில் அடி உதை நடக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் எல்லோரையும் சேர்த்து உட்காரவைக்கக் கூடாது. முதலில் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கூட்டு அமர்வில் வாய் திறந்தவர் வீட்டுக்குப் போய் அடி வாங்க நேரிடலாம்.

ஜீனோகிராம், அதாவது குடும்ப உறவுகளைக் குறிகளால் காட்டும் வரைபடம், சிக்கலில்லாமல் முடிந்தது. மூன்று தலைமுறை, ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவரின் சதுரம் அல்லது வட்டத்துக்குள் பெருக்கல் குறி. சாவு, வேலை இழப்பு, வீடு மாறியது எல்லாவற்றுக்கும் ஆண்டைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பிரச்சினை தொடங்கிய ஆண்டு எதோடு ஒட்டி நிற்கிறது என்பது தானாகக் கண்ணில் படும்.

இரண்டாவது வீண், ஒரு தொலைபேசி அழைப்பால். அமர்வுகளுக்கு நடுவே வீட்டாரில் ஒருவரின் அழைப்பு, ‘இதை அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க’ என்று தொடங்கியது. கேட்டுக்கொண்டேன். அடுத்த அமர்வில் எந்தக் கேள்வியை எடுத்தாலும் அந்த ரகசியத்தின் மேல் போய் முட்டியது, கை கட்டப்பட்டுவிட்டது. இருவருக்கு நடுவே இறுக்கம் கூடினால் மூன்றாவது ஆளை இழுத்துக்கொள்வார்கள் என்று போவன் சொல்லும் முக்கோணம் இதுதான். வீட்டில் அந்த மூன்றாவது ஆள் பிள்ளை. இங்கே நான். வெளியே சொன்ன விஷயத்தை அமர்வில் எடுப்பீர்களா, மாட்டீர்களா என்பதை முதல் நாளே சொல்லி, ஒப்புதல் படிவத்திலும் எழுதிவிடுங்கள். அழைப்பு வந்தால், ‘இதை எல்லாரும் இருக்கும்போது நீங்களே சொல்ல எது தடுக்குது?’ என்று கேளுங்கள். அந்தத் தடைதான் பல சமயம் உண்மையான பிரச்சினை.

மூன்றாவது, முறைகளைக் கலந்த தவறு. குடும்பத்தின் அமைப்பை மாற்றும் சிகிச்சை முறையை உருவாக்கிய சால்வடோர் மினுச்சின் வழியில், பெற்றோரை நாற்காலியைத் திருப்பி ஒருவரை ஒருவர் பார்த்து உட்காரச் சொல்லி, ஒரே ஒரு வீட்டு விதியைப் பேசி முடிவெடுக்கச் சொன்னேன். அமைதி கனத்ததும் இரண்டே நிமிடத்தில் குறுக்கே பேசிவிட்டேன். அவர்கள் இருவரும் என்னைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்கள், பிள்ளையும் நடுவே நுழைந்தான். அது போதாதென்று அதே அமர்வில், தீர்வை மையமாக வைக்கும் சிகிச்சையை உருவாக்கிய ஸ்டீவ் டி ஷேசர், இன்சூ கிம் பெர்க் வழியின் ‘நாளைக்கு எழுந்திருக்கும்போது பிரச்சினை இல்லைன்னா’ கேள்வியையும் போட்டேன். முதல் முறை மோதலை அறைக்குள்ளேயே நடக்கவிட்டு அமைப்பை மாற்றுகிறது. இரண்டாவது பிரச்சினையை விட்டு விலகித் தீர்வைத் தேடுகிறது. இரண்டையும் ஒரே மணி நேரத்தில் திணித்தால் எதைப் பிடித்துக்கொள்வது என்று குடும்பத்துக்குத் தெரியாது. ஓர் அமர்வுக்கு ஒரு முறை போதும். நாற்காலியைத் திருப்பினால் குறைந்தது பத்து நிமிடம் வாயை மூடியிருங்கள், பிள்ளை குறுக்கிட்டால் கையை மட்டும் காட்டி நிறுத்துங்கள்.

கைகொடுத்தது மிலான் குழுவின் (இத்தாலியக் குடும்பச் சிகிச்சையாளர்கள்) சுற்றுக் கேள்விகள். 1980-ல் வந்த அவர்களுடைய கட்டுரை இதற்கு அடிப்படை. ஒருவரிடம் மற்ற இருவரைப் பற்றிக் கேட்பது. ‘அப்பா பேசாம இருந்தா அம்மா முதல்ல என்ன செய்வாங்க? அப்போ நீ எங்க இருப்ப?’ யார் மேலும் பழி விழாமல் வட்டம் முழுவதும் தெரிந்துவிட்டது. அறையில் மூச்சு விடும் சத்தம் மாறியதைக் கேட்க முடிந்தது. அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் இந்த வேலை. மூன்று நான்கு கேள்விக்கு மேல் தொடர்ந்து அடுக்காதீர்கள், விசாரணை போலாகிவிடும்.

கதையாடல் சிகிச்சையை உருவாக்கிய மைக்கேல் வைட், டேவிட் எப்ஸ்டன் சொன்னபடி பிரச்சினைக்கு ஒரு பெயர் வைத்து ஆளிடமிருந்து பிரித்ததும் உதவியது. ஆனால் வன்முறைக்கு அப்படிப் பெயர் வைத்துப் பொறுப்பைக் கழற்றிவிடக் கூடாது.

இடைவெளி: முதல் நான்கு அமர்வுகள் வாரத்துக்கு ஒன்று, அடுத்த மூன்று அமர்வுகள் இரண்டு வாரத்துக்கு ஒன்று, கடைசி இரண்டும் மாதம் ஒன்று. மாற்றம் வீட்டில்தான் நடக்கிறது, அதற்கு நாள் வேண்டும். நிலைமை எந்த அளவு தேறியிருக்கிறது என்று 0 முதல் 10 வரை அளவு கேட்கும்போது ஒவ்வொருவரும் தாளில் எழுதிவிட்டுச் சொல்லட்டும். இல்லையென்றால் முதலில் பேசியவரின் எண்ணையே மற்றவர்களும் சொல்வார்கள். ஒருவர் 3 என்றால் ‘ஏன் 10 இல்லை’ என்று கேட்காமல், ‘2 இல்லாம 3-ன்னு சொல்ல வச்சது எது?’ என்று கேளுங்கள்.

மறுபார்வை மூன்று மாதம் கழித்து. இந்த முறை அழைக்க வேண்டிய எண்களில் முதலாவதாக அப்பாவின் எண்ணை வாங்கி எழுதிக்கொண்டேன்.