ஜெராக்ஸ் கடையில் கிடந்த சம்பளப் பட்டியல்

வீட்டிலிருந்தே சம்பளக் கணக்கு பார்க்கிறேன். போன மாதம் 43 பேரின் பட்டியலை அச்செடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. வீட்டில் பிரிண்டர் இல்லை. தெருமுனை ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு வாட்ஸப்பில் பிடிஎஃப் அனுப்பி, அச்செடுத்து வந்துவிட்டேன்.

இரவு பாத்திரம் தேய்க்கும்போதுதான் உறைத்தது. பான் எண், வங்கிக் கணக்கு, யாருக்கு எவ்வளவு பிடித்தம், எல்லாம் அந்தக் கடைக் கம்ப்யூட்டரில்! காலையில் ஷட்டர் ஏறும் முன்பே போய் நின்றேன். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் யாருடைய ஆதாரோ, யாருடைய ஸ்கேன் ரிப்போர்ட்டோ வரிசையாகக் கிடக்கின்றன. என் ஃபைலை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொன்னேன். வாட்ஸப்பில் அனுப்பியதை நீக்கினால் மட்டும் டவுன்லோட் ஆன பிரதி போகாது.

ஆபீஸில் சொல்வதா வேண்டாமா என்று ரொம்ப நேரம் குழம்பி, அப்புறம் சொன்னேன். ஐடி தம்பி திட்டவில்லை. "ராத்திரியே கூப்பிட்டிருக்கணும் அக்கா" என்றான். தரவுக் கசிவு தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 உத்தரவாம். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை இருக்கிறது.

ஆபீஸில், வீட்டிலிருந்து பாதுகாப்பாக இணைய விபிஎன் கொடுத்தார்கள், ஓடிபி வைத்தார்கள். காகிதத்தில் கையெழுத்து கேட்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. சரி, இந்த மாதம் முதல் டிஜிட்டல் கையெழுத்து. கடை அண்ணன்தான், "என்னம்மா, ஆளையே காணோம்?" என்கிறார்.