மூச்சு நிமிடத்துக்கு 30: குழந்தைகளுக்கான கொரோனா கைடுலைன்களுக்கு மார்க் போட்ட கதை

கொரோனா காலத்தில் குழந்தைகளுக்கு என்ன சிகிச்சை கொடுப்பது என்று வரிசையாக வந்த கைடுலைன்களுக்கு மார்க் போடும் வேலையில் நானும் கொஞ்ச நாள் உட்கார்ந்திருந்தேன். கேட்கச் சப்பென்ற வேலைதான். பி.டி.எஃப்பைத் திறக்க வேண்டும், படிக்க வேண்டும், 23 கேள்விகளுக்கு 1 முதல் 7 வரை மதிப்பெண் போட வேண்டும். முதல் வாரத்திலேயே ஒன்று சிக்கியது. ஒரு மருத்துவக் குழு வெளியிட்டது, பெயர் வேண்டாம். தலைப்பில் ‘குழந்தைகளுக்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். உள்ளே போனால், நோய் தீவிரமாகிவிட்டது என்பதற்கு அடையாளமாக ‘மூச்சு நிமிடத்துக்கு 30க்கு மேல்’ என்று ஒரே ஒரு வரி. வயது வித்தியாசமே கிடையாது.

குழந்தை மருத்துவம் பார்க்கிற யாரும் அந்த வரியைத் தாண்டிப் போக மாட்டார்கள். 30 என்பது பெரியவர்களுக்கான கணக்கு. நிம்மதியாகத் தூங்குகிற கைக்குழந்தைகூட 35, 40 என்று மூச்சு விடும். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கணக்கில் 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, 2 முதல் 11 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40. அதைத் தொட்டால்தான் வேகமான மூச்சு என்றே பெயர். இந்த பி.டி.எஃப்பை நம்பி ரவுண்ட்ஸ் போனால் பச்சிளம் குழந்தைகள் எல்லோரையும் தீவிர நோயாளி என்று எழுத வேண்டியதுதான்.

சரி, அதற்கு எவ்வளவு மார்க் போட்டேன்? இங்கேதான் வேடிக்கை. நாங்கள் வைத்திருந்த அளவுகோல் அக்ரீ 2. 2010இல் வந்தது, கைடுலைன்களை எடைபோட உலகம் முழுக்கப் பெரும்பாலும் இதைத்தான் எடுப்பார்கள். அதில் 15ஆம் கேள்வி, பரிந்துரை குழப்பமில்லாமல் திட்டவட்டமாக இருக்கிறதா என்பது. ‘30க்கு மேல்’ என்பதைவிடத் திட்டவட்டமாக என்ன சொல்ல முடியும்? 6 போட்டேன். சொன்னது தப்பு, ஆனால் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். அக்ரீ 2 பார்ப்பது கைடுலைனை எப்படிச் செய்தார்கள் என்பதைத்தான். சொன்னது சரியா என்று அது கேட்பதில்லை. இது புரியாமல் ‘அந்தக் கைடுலைனுக்கு எண்பது சதவீதமாம்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த எண்பது எப்படி வருகிறது என்று ஒரு தரம் போட்டுப் பார்த்துவிடலாம். 23 கேள்விகளும் ஆறு பிரிவாக இருக்கும். ‘தெளிவு’ பிரிவில் 3 கேள்வி. இரண்டு பேர் மார்க் போட்டால் அதிகபட்சம் 42, குறைந்தபட்சம் 6. கிடைத்தது 36 என்று வைத்துக்கொள்வோம். 36இல் குறைந்தபட்சமான 6 போனால் 30. 42இல் 6 போனால் 36. 30ஐ இந்த 36ஆல் வகுத்தால் 83 சதவீதம். சான்றுகளைத் தேடிய விதம், எடைபோட்ட விதம் பற்றிய பிரிவில் 8 கேள்வி. அதிகபட்சம் 112, குறைந்தபட்சம் 16, கிடைத்தது 40 என்றால் அதே கணக்கில் 25 சதவீதம். ஒரே பி.டி.எஃப்புக்கு 83, 25 இரண்டும் சர்வசாதாரணமாக வரும். கொரோனா கைடுலைன்களில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த உருவம் இதுதான்: கலர் கலராகக் கட்டம் போட்ட படம், அம்புக்குறிகள், பின்னால் சான்று என்று எதுவும் இல்லை. ஆறு பிரிவையும் கூட்டி ஒரே மார்க்காகச் சொல்லாதீர்கள் என்று அக்ரீ 2 கையேடே சொல்கிறது. யார் கேட்கிறார்கள்.

சான்று இல்லாததற்கு எழுதியவர்களை மட்டும் திட்டவும் முடியாது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் லேசாக வந்து போனதால், ஆய்வுகள் எல்லாம் பெரியவர்களை வைத்தே ஓடின. பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வு 2020 ஜூனில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தின் முடிவைச் சொன்னது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 41 சதவீதத்திலிருந்து 29 சதவீதமாகக் குறைந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்தது தினம் 6 மில்லிகிராம். அதைக் குழந்தைகளுக்கு எடுத்துவந்தவர்கள் கிலோவுக்கு 0.15 மில்லிகிராம், 6ஐத் தாண்டக் கூடாது என்று மாற்றிக்கொண்டார்கள். 10 கிலோ குழந்தைக்கு 1.5. அப்பா சட்டையை வெட்டிப் பிள்ளைக்குத் தைக்கிற மாதிரிதான், ஆனால் மூச்சுத் திணறும் பிள்ளை முன்னால் நிற்கும்போது வேறு வழியில்லை, நானும் அதைத்தான் எழுதியிருப்பேன். என் கேள்வி வேறு. ‘இது பெரியவர்களிடம் செய்த ஆய்விலிருந்து எடுத்தது, குழந்தைகளில் உறுதி குறைவு’ என்று ஒரு வரி எழுதினார்களா? எழுதியவர்களும் உண்டு. பரிந்துரைக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு ரெகவரியை மேற்கோள் காட்டி, ஏதோ குழந்தைகளிலேயே நிரூபித்துவிட்ட மாதிரி நகர்ந்துவிட்டவர்களும் உண்டு.

கொரோனாவுக்குப் பின்னால் குழந்தைகளுக்கு உடம்பு முழுக்க வரும் அழற்சியான மிஸ்-சி கதை இன்னும் சிக்கல். கொரோனா வந்து போன சில வாரம் கழித்துக் காய்ச்சல், தடிப்பு, இதயத்தில் வீக்கம் என்று குழந்தைகள் வர ஆரம்பித்தது 2020 ஏப்ரல் கடைசியில்தான் வெளியே தெரிந்தது. இதற்குப் பெரியவர்கள் ஆய்விலிருந்து கடன் வாங்கவும் வழியில்லை, இதே மாதிரி அறிகுறிகளோடு குழந்தைகளுக்கு வரும் கவாசாகி நோயின் சிகிச்சையைப் பார்த்து இம்யூனோகுளோபுலின் என்ற ஆன்டிபாடி மருந்தைக் கொடுத்தார்கள். ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுக்கலாமா? 2021 ஜூன் 16 அன்று நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இதயப் பாதிப்பு குறைகிறது என்றது. இன்னொன்று, எதைக் கொடுத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றது. இரண்டுமே சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வுகள் அல்ல, நடந்த சிகிச்சையைப் பார்த்து எழுதியவை. நேர்மையான கைடுலைன் என்றால் இரண்டையும் வைத்து, நாங்கள் ஏன் இந்தப் பக்கம் சாய்கிறோம் என்று சொல்ல வேண்டும். தனக்கு வசதியானதை மட்டும் காட்டினால், பரிந்துரைக்கும் சான்றுக்கும் உள்ள தொடர்பைக் கேட்கும் 12ஆம் கேள்வியில் என்னிடம் 2க்கு மேல் கிடைக்காது.

என்னோடு மார்க் போட்ட டாக்டரம்மாவுக்கும் எனக்கும் சண்டை வந்தது 5ஆம் கேள்வியில். நோயாளிகளின் விருப்பத்தை, கருத்தைக் கேட்டார்களா என்பது அது. குழந்தைகள் விஷயத்தில் பெற்றோரை. நான், “அவசரத்துல எழுதினது, அம்மா அப்பாவைக் கூப்பிட்டு மீட்டிங் போட நேரம் ஏது” என்று 4 போட்டேன். அவர் 1. “பிறந்த குழந்தையை 14 நாள் அம்மாகிட்ட இருந்து பிரிச்சு வைன்னு எழுதியிருக்காங்க, ஒரு அம்மாவைக் கேட்டிருந்தா கை நடுங்கியிருக்காதா சார்?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை. ஆரம்பத்தில் தொற்றுள்ள தாயிடமிருந்து பிரித்து வைக்கச் சொன்ன கைடுலைன்கள் பல. அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவ அகாடமிகூட 2020 ஏப்ரலில் தற்காலிகமாகப் பிரிக்கலாம் என்றுதான் சொன்னது, ஜூலையில் மாற்றிக்கொண்டது. உலக சுகாதார நிறுவனமோ தாயும் பிள்ளையும் சேர்ந்தே இருக்கட்டும், தாய்ப்பால் கொடுக்கட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்த 4ஐ அழித்து நானும் 1 போட்டேன்.

பெருந்தொற்றில் எழுதிய கைடுலைனை, இரண்டு வருஷம் எடுத்து நிதானமாக எழுதியதோடு ஒரே தராசில் வைப்பது நியாயமா என்று கேட்பார்கள். பாதி நியாயமில்லைதான். முறையான தேடலுக்கு நேரம் வேண்டும், வெளியாட்களிடம் கொடுத்துக் கருத்து வாங்க நேரம் வேண்டும். அதில் குறைத்துப் போட எனக்கே மனசு வராது. ஆனால் எழுதிய தேதியைப் போட எவ்வளவு நேரம் ஆகும்? மருந்துக் கம்பெனியிடம் பணம் வாங்கினோமா இல்லையா என்று சொல்ல? எத்தனை வாரத்தில் திரும்பப் பார்ப்போம் என்று ஒரு வரி? ஹைட்ராக்சிகுளோரோகுவின் என்ற மலேரியா மருந்தைக் கொரோனாவுக்குக் கொடுக்க அமெரிக்காவில் 2020 மார்ச் 28 அன்று அவசர அனுமதி, அதுவும் 50 கிலோவும் அதற்கு மேலும் எடை உள்ளவர்களுக்குத்தான். ஜூன் 15 அன்று திரும்பப் பெற்றுவிட்டார்கள். 79 நாள். இடையில் எழுதிய ஒரு கைடுலைனில் தேதி இல்லையென்றால் அது இன்னும் எந்த வார்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறதோ. இதைக் கேட்பது 14ஆம் கேள்வி, புதுப்பிக்கும் முறை. இப்போதெல்லாம் எந்தக் கைடுலைன் கைக்கு வந்தாலும் நான் முதலில் புரட்டுவது இதற்கான பக்கத்தைத்தான், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

அந்த 30க்கு வருகிறேன். ரொம்ப நாள் கழித்து அதே பி.டி.எஃப்பை மறுபடி இறக்கிப் பார்த்தேன். வயதுவாரியாக அட்டவணை வந்திருந்தது, 60, 50, 40 என்று சரியாக. எப்போது மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள், பழையதை வைத்திருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும், எதுவும் இல்லை. அதே ஃபைல் பெயர். டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன். 14ஆம் கேள்விக்கு நான் 1 போட்டேன், திருத்தவாவது திருத்தினார்களே என்று அவர் 2 போட்டார்.