காய்ச்சல் ஆய்வுகளில் எதை எண்ணுகிறோம்?

மூளை மலேரியாவால் நினைவிழந்து கிடக்கும் குழந்தைக்கு வலிப்பு வராமல் முன்கூட்டியே தடுத்துவிட்டால் நல்லதுதானே என்று யாருக்கும் தோன்றும். கென்யாவில் இதற்காக ஃபீனோபார்பிட்டால் ஊசியைச் சோதித்தார்கள். 2000ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி வலிப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. ஆனால் மருந்து பெற்ற குழந்தைகளில் 18 விழுக்காட்டினரும், மருந்தில்லாத வெற்று ஊசி பெற்றவர்களில் 8 விழுக்காட்டினரும் இறந்திருந்தார்கள். வலிப்பை மட்டும் எண்ணியிருந்தால் அது வெற்றி பெற்ற மருந்தாகவே பதிவாகியிருக்கும். அதனாலேயே, வெப்பமண்டலக் காய்ச்சல்களைப் பற்றிய எந்த ஆய்வைக் கையில் எடுத்தாலும், அது எதை எண்ணியது என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

இன்னும் அதிர வைத்தது 2011இல் வெளியான ஃபீஸ்ட் ஆய்வு. கடும் காய்ச்சலோடு, கைகால் சில்லிடுவது, நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு திரும்ப மூன்று நொடியாவது பிடிப்பது போன்ற ரத்த ஓட்டக் குறைவின் அறிகுறிகளோடு வந்த குழந்தைகள், உகாண்டா, கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளில் இதில் சேர்க்கப்பட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டோருக்கு மலேரியா இருந்தது. இத்தகையவர்களுக்குச் சலைனை வேகமாக ஏற்றுவது அப்போது பாடப்புத்தகம் சொன்ன வழி. அப்படி ஏற்றியவர்களில் 10.5 விழுக்காட்டினரும், வேகமாக ஏற்றாமல் அளவோடு கொடுக்கப்பட்டவர்களில் 7.3 விழுக்காட்டினரும் 48 மணி நேரத்துக்குள் இறந்ததால், 3,141 குழந்தைகளோடு ஆய்வை நிறுத்த வேண்டியதாயிற்று. வேகமாக ஏற்றிய குழந்தைகளில்தான் முதல் ஒரு மணி நேரத்தில் அதிகம் பேருக்கு ரத்த ஓட்டம் சீரானதாகத் தெரிந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கட்டிலருகே நிற்பவரின் கண், பாவம், எதை நம்பும்?

கடும் மலேரியாவுக்கான பழைய மருந்தான குயினைனுக்கு மாற்று தேடிய கதையும் இப்படித்தான் நீண்டது. ஆர்ட்டிமீத்தர் என்ற மருந்து கிருமியை விரைவாக அழித்தாலும், காம்பியாவிலும் வியட்நாமிலும் நடந்து 1996இல் வெளியான ஆய்வுகளில் இறப்பு உறுதியாகக் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த, நரம்பு வழியே நேராகச் செலுத்தக்கூடிய ஆர்ட்டிசுனேட்டை ஆசியாவில் 1,461 பேரிடம் சோதித்தபோதுதான், குயினைனில் 22 விழுக்காடாக இருந்த இறப்பு 15 ஆகக் குறைந்தது 2005இல் தெரியவந்தது. ஆப்பிரிக்கக் குழந்தைகள் 5,425 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்விலும் அது 10.9இலிருந்து 8.5 ஆகக் குறைந்தது. ஒவ்வொரு முறையும் சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் ஏற்ற வேண்டிய, ரத்தச் சர்க்கரையைத் தாழ்த்திவிடும் குயினைனோடு போராடிய செவிலியர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் மருத்துவமனையில் நிகழும் இறப்பை மட்டும் எண்ணினால் பிறகு வருவது கண்ணில் படாது. ஆர்ட்டிசுனேட்டால் பிழைத்தவர்களில் சிலருக்கு, ஓரிரு வாரங்கள் கழித்துச் சிவப்பணுக்கள் திடீரெனச் சிதைவது, ஐரோப்பா திரும்பிய பயணிகளிடம் பின்னர்தான் தெளிவாகக் கவனிக்கப்பட்டது. எனவே, வீடு திரும்பிய பின்னும் நான்கு வாரங்கள் வரை ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவர வேண்டியிருக்கிறது.