கற்பூரத்துக்கு அந்தப் பக்கம்

சிதம்பரத்துக்கு நான் புறப்பட்டது அக்காவுக்குத் துணையாகத்தான். முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன். கோயிலுக்குப் போனால் தூண்களின் எடையைக் கணக்கிடுகிற புத்தி.

பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் கைப்பேசியை நீட்டினார். நடராஜரின் பெருவிரல் ஊன்றிய இடம்தான் பூமியின் காந்த மையமாம். எனக்கு வாய் சும்மா இருக்காது. காந்த நடுக்கோடு கேரளத்துத் தும்பாவை ஒட்டிப் போனதால்தான் 1963-இல் அங்கிருந்து ராக்கெட் விட்டார்கள், சிதம்பரம் அதற்கு வெகுதூரம் வடக்கே என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. சட்டென்று அடுத்ததை எடுத்தார்: "ஜெனீவாவில் அணுத்துகள் ஆய்வு மையத்தில் நடராஜர் நிற்கிறாரே, அது பொய்யா?" பொய்யில்லை. 2004-இல் இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்த 2 மீட்டர் சிலை. கொடுத்தது நாம், அதையே அவர்கள் தந்த சான்றிதழாக நினைத்துப் பூரிப்பதும் நாம்.

விஞ்ஞானம் வந்து வியப்பைக் கொன்றுவிட்டது என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். பாவம், விஞ்ஞானத்தின் மேல் வீண்பழி. ஆய்வகத்தின் கையெழுத்தைக் காட்டிச் சாமி கும்பிடுகிற அவருக்கும், கையெழுத்து செல்லாது என்று நிரூபிக்கிற எனக்கும் ஒரே வியாதிதான். இரண்டு பேருமே சந்நிதிக்கு வருமுன்பே பார்த்து முடித்துவிடுகிறோம்.

காலை பத்து மணியைத் தாண்டியிருந்தது. கனகசபையில் ஸ்படிக லிங்கத்துக்கு அபிஷேகம் முடிந்து, ரத்தினசபாபதி என்கிற சிறிய நடராஜரை எழுந்தருளச் செய்தார்கள். மாணிக்கத்தால் ஆனவர் என்பது கோயில் மரபு. கூட்டத்தின் தோள்களுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் எட்டிப் பார்த்தேன். தீட்சிதர் முன்னால் கற்பூரம் காட்டியபோது தெரிந்தது கருத்த ஒரு சிறு உருவம், அவ்வளவுதான். பிறகு தட்டு உருவத்துக்குப் பின்னால் போனது. கருப்பு உள்ளிருந்தே சிவந்தது. தூக்கிய திருவடி, வீசிய கை, எல்லாவற்றிலும் ஒளி ஊறிக்கொண்டே போயிற்று. யாரோ "சிவ சிவா" என்று விம்மினார்கள். 'ஒளி ஊடுருவல்' என்ற சொல் என் நினைவுக்கு வந்து சேர்ந்தபோது கற்பூரம் அணைந்திருந்தது. கைகள் எப்போது குவிந்தன என்று தெரியவில்லை.

சிதம்பர ரகசியத்தையும் பார்த்தோம். திரை விலகியது; பொன் வில்வ மாலைகள், அவற்றின் பின்னே வெளி. அதைப் பற்றி ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் நானும் பஸ்காரராகிவிடுவேன்.

சிவகங்கைக் குளப் படியில் உட்கார்ந்ததும் அக்கா கேட்டாள்: "அது எப்படித் தம்பி அப்படிச் சிவக்கிறது?"

சொல்லலாமா என்று தயங்கினேன். பிறகு சொன்னேன். மாணிக்கம் என்பது அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த படிகம். சுத்தமாக இருந்தால் அதற்கு நிறமே கிடையாது. எங்கோ பூமிக்குள் துளி குரோமியம் கலந்துவிட்டால், மற்ற நிறங்களை அது விழுங்கிச் சிவப்பை மட்டும் விட்டுவிடுகிறது.

"துளிதானா?"

"துளிதான் அக்கா."

அவள் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"இன்றைக்கு ஊருக்குப் போக வேண்டாமடா. நாளைக் காலையில் இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போவோம். கொஞ்சம் முன்னாலேயே வந்து நிற்க வேண்டும்."