கூட்டம் சேர்ந்ததும் காலர் மைக் ஏன் விட்டு விட்டு வருகிறது?

காலி மண்டபத்தில் கணீரென்று கேட்கும் காலர் மைக், ஆள் நிறைந்ததும் விட்டு விட்டு வரும். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். ரேடியோ அலையைக் குடித்துவிடும்.

முதலில், குரலை ரேடியோ அலையாக அனுப்பும் இடுப்புப் பெட்டியை, அதாவது டிரான்ஸ்மிட்டரைப் பாருங்கள். 600 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 50 செ.மீ.; அதில் கால் பங்கு, ஏறத்தாழ 12 செ.மீ.தான் அந்த வால் ஆன்டெனா. அதைச் சுருட்டிப் புடவைக் கொசுவத்தில் செருகினால் அலைக்கும் நீளத்துக்கும் பொருந்தாது. வியர்த்த தோலில் ஒட்டினால் இன்னும் மோசம். நேராகத் தொங்கவிட்டு, தோலுக்கும் அதற்கும் நடுவே விரல் தடிமனில் ஸ்பாஞ்ச் வையுங்கள். மைக் ஒயரை ஆன்டெனாவோடு சேர்த்துக் கட்ட வேண்டாம்.

அந்த அலையைப் பிடிக்கும் ரிசீவரைத் தரையில் ஆம்ப்ளிஃபயர் மேல் வைக்கும் பழக்கம்தான் பாதி வினை. ஸ்டாண்டு போட்டு, நிற்பவர் தலைக்கு மேலே, 2.5 மீட்டருக்கு ஏற்றுங்கள். இரட்டை ஆன்டெனாவை ‘வி’ போலச் சாய்த்துவிடுங்கள். மேடை தூரமா? ஆன்டெனாவுக்கு ஆர்.ஜி.58 என்ற மெல்லிய கேபிளை இழுக்காதீர்கள், 10 மீட்டரிலேயே பாதி சிக்னல் போய்விடும். ரிசீவரையே மேடைப் பக்கம் நகர்த்தி ஆடியோ கேபிளை நீட்டுவது மலிவு.

மூன்று மைக் இருந்தால் 600, 601, 602 மெகாஹெர்ட்ஸ் என்று சம இடைவெளியில் வைக்காதீர்கள். முதல் இரண்டும் கலந்து 602-லேயே ஒரு பேய் சிக்னலைக் கிளப்பும்.